தாத்தாவின் பாவத்துக்குப் பேத்தி தண்டனை அனுபவிக்கிறாளா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். என் அப்பா இரட்சிக்கப்படுவதற்கு முன் ஊரில் கோடாங்கியாக இருந்து குறி சொன்னவர். சமீபத்தில் ஒரு விடுதலைக் கூட்டத்துக்குப் போனோம். "தாத்தாவின் சாபம் மூன்றாம் தலைமுறையில் வந்து நிற்கிறது, யாத்திராகமம் 20:5 அதைத்தான் சொல்கிறது" என்றார் ஜெபித்த ஊழியர். சாபக்கட்டு உடைய உபவாசமும் சிறப்புக் காணிக்கையும் வேண்டுமாம். அன்றிலிருந்து மாமியார் என் பிறந்த வீட்டைக் குத்திப் பேசாத நாளில்லை. இந்தக் குழந்தை என்ன செய்தாள்? தேவன் நியாயமுள்ளவர்தானா?
- பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்: நியாயமுள்ளவர். அதனால்தான் அந்த ஊழியர் சொன்னது தவறு. உங்கள் மகளின் காது கேளாமை உங்கள் அப்பாவின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இல்லை.

முதலில் அவர் காட்டிய வசனத்துக்கே வருவோம். தலைமுறை தலைமுறையாக விசாரிப்பேன் என்று தேவன் சொல்வது "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து". அந்தச் சொற்கள் அதே வசனத்தில் இருக்கின்றன. உங்கள் அப்பா மனந்திரும்பியவர். நீங்கள் கர்த்தரைத் தேடி அழுகிறவர். உங்கள் வீட்டில் அவரைப் பகைக்கிறவர் யார்? அடுத்த வசனத்தையும் அவர் வாசித்திருக்க வேண்டும். தண்டனைக்கு மூன்று, நான்கு தலைமுறை; இரக்கத்துக்கு ஆயிரம் தலைமுறை. ஆயிரத்தை விட்டுவிட்டு மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்வது வேதத்துக்கு உண்மையாக இருப்பதாகாது.

இப்போது எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு வேதத்தில் இதைவிட நேரான பதில் இல்லை. கி.மு. 597-இல் யோயாக்கீன் ராஜாவோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் கேபார் நதியோரம் குடியிருந்தார்கள். தீர்க்கதரிசி எசேக்கியேலும் அவர்களில் ஒருவர். அந்த மக்கள் வாயில் ஒரு பழமொழி புரண்டுகொண்டிருந்தது: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. எருசலேமிலும் இதையே சொன்னார்கள் என்பது எரேமியா 31-இல் தெரிகிறது. அவர்கள் சும்மா சொல்லவில்லை. முன்பு யூதாவை ஆண்ட மனாசே ராஜாவின் பாவங்களால்தான் யூதாவுக்கு இந்த அழிவு என்று ராஜாக்களின் புத்தகமே சொல்கிறது. ஆக, தாத்தா காலத்துப் பாவத்தைக் காட்டுவதற்கு அவர்களுக்கு உங்கள் ஊழியரைவிடப் பலமான ஆதாரம் இருந்தது. அப்படியிருந்தும், இனி இந்தப் பழமொழியைச் சொல்லவே கூடாது என்கிறார் கர்த்தர், தம்முடைய ஜீவனைக்கொண்டு ஆணையிட்டு.

அப்புறம் மூன்று தலைமுறைக் கதை ஒன்று வருகிறது. அப்பா நீதிமான், மகன் கொடியவன், பேரன் மறுபடி நீதிமான். எசேக்கியா, மனாசே, ஆமோன், யோசியா என்று தங்கள் ராஜவம்சம் போன விதத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கியிருக்கும். மனாசேயின் பேரன்தான் யோசியா. அவனைப் போல முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பிய ராஜா வேறு யாரும் இல்லை என்று வேதம் சாட்சி சொல்கிறது. கடைசியில் தீர்ப்பு: "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை."

இதைக் கேட்டு அந்த மக்கள் சந்தோஷப்படவில்லை. குமாரன் ஏன் சுமக்கவில்லை என்று கேட்டார்கள், ஆண்டவருடைய வழி செம்மையாக இல்லை என்றார்கள். கவனியுங்கள் சகோதரி, நீங்கள் கேட்பதற்கு நேர் எதிரான கேள்வி இது. குற்றமில்லாதவள் ஏன் சுமக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். இந்த விஷயத்தில் நீங்கள் தேவனுடைய பக்கம் நிற்கிறீர்கள். கூட்டத்தில் உங்களைக் குற்றவாளியாக்கியவர்தான் அந்தப் பழமொழியின் பக்கம் நிற்கிறார்.

இது எசேக்கியேல் புதிதாகச் சொன்னதும் இல்லை. பிள்ளைகளுக்காகப் பிதாக்களையும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளையும் கொல்லக் கூடாது என்று உபாகமம் 24:16 முன்பே சொல்லிவிட்டது. தன் தகப்பனைக் கொன்றவர்களுக்கு மரண தண்டனை கொடுத்த அமத்சியா ராஜா, இந்தச் சட்டத்துக்குப் பயந்து அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டான். மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராகைப் பூமி விழுங்கியது. அவன் குமாரரோ சாகவில்லை என்று எண்ணாகமம் 26:11 சொல்கிறது. கோராகின் புத்திரர் பெயரில் சங்கீதங்களே இருக்கின்றன. நம் சபைகளில் அவற்றை வாசிக்கிறோமே!

ஆகான் திருடியதற்காக அவன் குடும்பமும் அழிந்ததே, தாவீதின் பாவத்துக்காக அவன் குழந்தை இறந்ததே என்று உங்களிடம் யாராவது கேட்கலாம். அவை கடினமான பகுதிகள்தான். ஒரு பத்தியில் பூசி மெழுக நான் தயாராக இல்லை. ஆனால் தாவீதிடம் போனவன் நாத்தான், கர்த்தரால் அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி. முன்பின் தெரியாத ஒரு குழந்தையைப் பார்த்து அதே மாதிரி அறிவிக்கும் அதிகாரத்தை இன்று யாருக்கும் வேதம் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டு நிலைமைக்கு மிகவும் நெருக்கமான இடம் யோவான் 9. பிறவிக் குருடனைப் பார்த்ததும், இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு முடித்துவிடுகிறார். தேவனுடைய கிரியைகள் வெளிப்பட வேண்டும் என்கிறார், உடனே அவனுக்காக வேலையில் இறங்குகிறார். அதே அதிகாரத்தின் பின்பகுதியில் பரிசேயர் அவனிடம், முழுவதும் பாவத்தில் பிறந்த நீ எங்களுக்குப் போதிக்கிறாயோ என்று சொல்லி வெளியே தள்ளுகிறார்கள். தள்ளப்பட்டவனை இயேசு தேடிப் போய்க் கண்டுபிடிக்கிறார். உங்கள் மகளின் பிறப்பைச் சாபம் என்பவர்கள் இந்த அதிகாரத்தில் யாருடைய வார்த்தையைப் பேசுகிறார்கள் என்று அவர்களே வாசித்துப் பார்க்கட்டும்.

பெற்றோரின் செயல்களால் பிள்ளைகள் கஷ்டப்படுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடிகார அப்பாவின் பிள்ளை பட்டினி கிடக்கிறது. அந்தப் பசி அப்பாவின் குற்றம். தேவன் அந்தப் பிள்ளைமேல் எழுதிய தீர்ப்பு இல்லை. உங்கள் விஷயத்தில் அப்படிப்பட்ட தொடர்புகூட இல்லை. காது நன்றாகக் கேட்கும் அப்பா அம்மா இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் ஒரு மரபணு மாற்றம் குழந்தையிடம் சேர்ந்து வரலாம். கர்ப்ப காலத்தில் அம்மாவுக்கு வந்த ரூபெல்லா என்ற அம்மைத் தொற்று, பிறந்தவுடன் வந்த கடுமையான மஞ்சள் காமாலை என்று வேறு காரணங்களும் உண்டு. குறி சொன்ன தாத்தா இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

காணிக்கை கொடுக்காதீர்கள். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்லும்போது, மிச்சத் தொகை என்று ஒன்று கிடையாது. அந்தப் பணமும் நேரமும் குழந்தைக்கு வேண்டும். அறுவைச் சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்த முடியுமா என்று மருத்துவரிடம் இந்த மாதமே கேளுங்கள்; பேச்சு வளர்வதற்கு இந்த முதல் சில வருடங்கள்தான் முக்கியம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். கருவி பொருந்தாது என்றால் தயங்காமல் சைகை மொழி கற்றுக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோரும்.

மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். உங்கள் கணவர் பேசட்டும், அது அவர் கடமை. செவிடனை நிந்திக்கக் கூடாது என்று லேவியராகமம் 19:14 கட்டளையிடுகிறது. குடும்ப ஜெபத்தில் ஒருநாள் அதையும் எசேக்கியேல் 18-ஐயும் உங்கள் கணவரே சத்தமாக வாசிக்கட்டும். உங்கள் அப்பா உயிரோடு இருந்தால் பேத்தியை அவர் மடியில் கொடுங்கள். இந்தப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருக்கும்.