முதல் பாட்டுக்காரன் – கடிதம்

வணக்கம் சார்,

நாங்கள் தண்டையார்பேட்டையில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் ராக் பேண்ட். நான் பேஸ் கிதார். ஒரு மூத்த ராக் கலைஞரின் ஐந்து ஊர் டூரில் அவருக்கு முன்னால் வாசிக்கும் ஓப்பனிங் பேண்டாகப் போய்க்கொண்டிருக்கிறோம். மூன்று ஊர் முடிந்தது, ஹைதராபாத்தும் புனேயும் மிச்சம். எங்களுக்கு அரை மணி நேரம். வெயில் இறங்குவதற்குள் மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். கூட்டம் அப்போதுதான் உள்ளே வந்து சாப்பாட்டுக் கடையில் வரிசை கட்டி நிற்கிறது. கச்சேரிக்கு முன்னால் ஒலியைச் சரி பார்க்கிற சவுண்ட் செக்கை அந்தக் கலைஞரின் ஆட்கள் மூன்று மணி நேரம் செய்கிறார்கள், எங்களுக்குப் பத்து நிமிடம். கொடுக்கிற பணம் ரயிலுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போகிறது. பெங்களூரில் ஒருவன் நாங்கள் இறங்கும்வரை அந்தக் கலைஞரின் பெயரையே கத்திக்கொண்டிருந்தான். பெரிய கிதார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸையே இப்படித்தான் விரட்டினார்கள் என்று எங்கள் டிரம்மர் ஆறுதல் சொல்கிறான். எங்கள் முறை முடிந்ததும் மனசு கெட்டுப்போய் வேனில் உட்கார்ந்துவிடுகிறோம். அப்பாவிடம் சொன்னேன். அவர் கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர், ராக் எல்லாம் தெரியாது. 'முப்பது வருஷமா மாப்பிள்ளை அழைப்புல ஊதறேன், எவன்டா என்னைப் பாக்க வந்தான்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அடுத்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?

அன்புள்ள தம்பி,

நீங்கள் என்று ஆரம்பித்துப் பார்த்தேன், தண்டையார்பேட்டைப் பையனுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குச் சவுக்குக் கட்டை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். பலகை போட்டு முடிக்கும்வரை நின்றேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பலகை மேடையில், இடது ஓரத்தில், நான் தும்பா என்கிற கை டிரம்மை வாசிக்க உட்கார்ந்த இடம் எது என்று கண் தேடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் கடிதம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடலாம். சவுண்ட் செக் பற்றிப் புலம்பாதே. கடைசியில் வாசிக்கிறவர் முதலில் செக் செய்வதுதான் உலகம் முழுக்க வழக்கம். அவருடைய டிரம்ஸும் ஆம்ப்ளிஃபையர்களும் பின்னால் அசையாமல் இருக்கும், அதற்கு முன்னால் கிடைக்கிற நாலடியில் உங்கள் சாமான்களைப் போட்டு, கடைசியாகச் செக் செய்து, அப்படியே முதல் ஆளாக வாசித்துவிட்டு இறக்கிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் பக்கம் நேரம் இழுத்தால் வெட்டு உங்கள் பங்கில் விழும். பத்து நிமிடம் கிடைத்ததே. காலால் அடிக்கிற கிக் டிரம், உன் பேஸ், பாடுகிறவன் மைக், இந்த மூன்றை மட்டும் சரி பார், மற்றது முதல் பாட்டில் உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் ஏற்றுகிறார்கள் என்கிறாய். திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த ஒலி மாசு விதி இருக்கிறது. உங்கள் மூத்த கலைஞர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாடிப் பத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்கு முன்னால் மேடை மாற்ற முக்கால் மணி வேண்டும், பின்னாலிருந்து எண்ணிப் பார், அந்த வெயில் உன் தலையில்தான் விழும். யாரும் உன்மேல் வஞ்சம் வைத்துச் செய்யவில்லை. பணம் குறைவுதான். வெளிநாட்டில் பெரிய ஆட்களோடு டூர் போக ஓப்பனிங் பேண்டே காசு கட்டுவதும் உண்டு. கைநஷ்டம் இல்லாமல் வருகிறாய், அதோடு விடு.

ஹென்ட்ரிக்ஸ் கதைக்கு வருகிறேன். உங்கள் டிரம்மர் பாதியைத்தான் சொல்கிறான். 1967 ஜூலையில் மங்கீஸ் என்கிற அமெரிக்க பாப் குழுவுக்கு முன்னால் வாசிக்கப் போனார், அங்கே வந்திருந்த சின்னப் பெண்கள் அந்தக் குழுவின் பாடகர் டேவி ஜோன்ஸ் வேண்டும் என்று கத்தினார்கள், சில நாட்களிலேயே அவர் கழன்றுகொண்டார். சரி. அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு அவர் எங்கே இருந்தார்? ஐஸ்லி பிரதர்ஸ் என்கிற பாட்டுக் குழுவுக்குப் பின்னால், அப்புறம் ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டுக்குப் பின்னால், சம்பளத்துக்குக் கிதார் வாசித்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பாதியை யாரும் ஆறுதலுக்குச் சொல்வதில்லை.

இப்போது உன்னைத் திட்டப்போகிறேன். உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே வரி. 'எங்கள் முறை முடிந்ததும் மனசு கெட்டுப்போய் வேனில் உட்கார்ந்துவிடுகிறோம்.' மூன்று ஊர். மூன்று இரவு. ஆயிரக்கணக்கான பேர் டிக்கெட் எடுத்து தூரத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிற ஒரு மனிதரைப் பதினைந்தடி தூரத்தில், பக்கவாட்டில் நின்று பார்க்க உன் கழுத்தில் அட்டை மாட்டி விட்டிருக்கிறார்கள், நீ வேனுக்குள் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு என்ன வயது, இருபத்தைந்து இருக்குமா? உன் கூலி அந்த இடத்தில் கிடந்தது தம்பி. எடுக்காமல் வந்துவிட்டு, கூலி போதவில்லை என்று எனக்கு எழுதுகிறாய்.

இந்தக் கோபம் உன்மேல் மட்டும் இல்லை. சொல்கிறேன்.

1985-ல் எனக்குப் பதினெட்டு வயது. வியாசர்பாடியில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் தும்பா வாசித்தேன். ஆடி மாதம் வந்தால் ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு என்று மேடைக்கு மேல் மேடை. மீன்பாடி வண்டியில் டிரம்ஸையும் ஸ்பீக்கர் பெட்டியையும் கட்டிவிட்டு நாங்கள் பின்னாலேயே நடப்போம். எட்டு மணிக்கு மேடை ஏறினால் முதல் ஐந்து பாட்டு எங்களைப் போன்ற சின்னப் பையன்களுடையது. முதல் பாட்டு சாமி பாட்டு. அதை யாரும் கேட்க மாட்டார்கள். பாய் விரித்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகளை இழுத்து உட்கார வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் இரண்டாவது பாட்டின் சரணத்தில் விழாக் கமிட்டிக்காரர் வந்து பாடுகிறவன் கையிலிருந்து மைக்கை வாங்கி, கூழ் ஊற்ற நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் சத்தத்தைக் குறைத்து வாசித்துக்கொண்டே இருந்தோம், அவர் முடித்ததும் சரணத்தை விட்ட இடத்தில் பிடித்தோம். பெங்களூரில் ஒருவன் கத்தினான் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த நன்கொடைப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது.

பத்து மணிக்குமேல் எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் பெரியவர் வருவார். டி.எம்.எஸ். குரலில் பாடுகிறவர். வடசென்னை முழுக்க அவருக்கு ஆள் இருந்தது. அறுபதைத் தாண்டியிருந்தார், மில்லில் வேலை பார்த்த உடம்பு, நெஞ்சில் பஞ்சுத் தூசி. ஒரு பிளாஸ்க்கில் சுக்கு வெந்நீர் கொண்டுவருவார். அவர் ஏறியதும் தெரு முழுக்க எழுந்து விசில் அடிக்கும். அவருக்கு வேறு தும்பாக்காரர் உண்டு, எனவே நான் இறங்கிப் போய்விடுவேன். பின்னால் டீக்கடை. பீடி, கதை, மறுநாள் மேடை எங்கே என்ற பேச்சு. அவர் பாடுவது முதுகுப்பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சீசனில் முப்பது மேடைக்குமேல் அவரோடு போனேன், இருபதுக்குமேல் டீக்கடையில்தான் கழித்தேன்.

புளியந்தோப்பில் ஒரு இரவு அவருடைய தும்பாக்காரருக்குக் காய்ச்சல். என்னை உட்காரச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அவரைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

ஏறியதும் ஆர்கன் வாசிப்பவரிடம் திரும்பி விரலைக் கீழே காட்டினார், சுருதி அரைக்கட்டை இறங்கியது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் கூட்டத்தோடு பேச ஆரம்பித்தார், ஊர்க்கதை, பழைய படக்கதை, ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அவர் முதுகு ஏறி ஏறி இறங்குவது எனக்கு மட்டும் தெரிகிறது, மூச்சைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பாட்டுக்கு நடுவில் வாத்தியங்கள் வாசிக்கும்போது எங்கள் பக்கம் திரும்பி, டிரம்மரை உற்சாகப்படுத்துகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டே இருமுவார். அப்புறம் ஒரு பாட்டில், மேலே ஏறுகிற இடம் வருவதற்கு முன்னால் வலது காலை அரை அடி பின்னால் வைத்தார். புல்லாங்குழல்காரர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் பின்னால் போனதும் குழல் எழுந்தது. உச்சத்தை எடுத்தது குழல். பெரியவர் வாய் திறந்திருந்தது, கை மேலே போயிருந்தது, பாதிக் குரல்தான் உள்ளே இருந்தது. புளியந்தோப்பே கை தட்டியது, அவர் குரல் உச்சிக்குப் போனதாகவே எல்லாரும் கேட்டார்கள். நானும் இருபது இரவு டீக்கடையில் உட்கார்ந்து அப்படித்தான் கேட்டிருந்தேன்.

அதற்கப்புறம் மிச்சமிருந்த ஒன்பது மேடையிலும் நான் இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்று கிடைத்தது. கமிட்டிக்காரர் சண்டை போட்டால் எந்தப் பாட்டை எடுப்பார், மழை தூறினால் எதை விடுவார், முன்வரிசைக் கிழவிகளுக்கு எதைப் பாடுவார் என்று எல்லாம் பார்த்தேன். ஒன்பது இரவு போதவில்லை. தை மாதத்துச் சீசனுக்கு அவர் வரவில்லை, மறு ஆடிக்கு அவர் இல்லை. அந்த இருபது இரவை யாரிடம் போய்க் கேட்பேன்? அந்தக் காலை எப்போது பின்னால் வைக்க ஆரம்பித்தார், குழல்காரரோடு எப்படிப் பேசி வைத்துக்கொண்டார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உன்னுடைய ராக்காரர்களும் இப்படிப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றார்கள். 1963-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் இங்கிலாந்தில் முதல் டூர் போனபோது அவர்கள் சில்லறை ஆட்கள். அதே மேடையில் அமெரிக்காவின் பெரிய ஆட்களான எவர்லி பிரதர்ஸ், போ டிட்லி, நடுவில் வந்து சேர்ந்த லிட்டில் ரிச்சர்ட். ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகருக்கு இருபது வயது. 2020-ல் லிட்டில் ரிச்சர்ட் இறந்தபோது ஜாகர் எழுதிய இரங்கலில், அவரோடு டூர் போன நாட்களில் ஒவ்வொரு இரவும் அவருடைய அசைவுகளைப் பார்த்து, கூட்டத்தை எப்படித் தன்னோடு சேர்த்துக்கொள்வது என்று கற்றுக்கொண்டதாகச் சொன்னார். ஒவ்வொரு இரவும். அவர் வேனில் உட்காரவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து, 1981-ல், அதே ஸ்டோன்ஸுக்கு முன்னால் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் வாசித்தபோது கூட்டம் கையில் கிடைத்ததை எறிந்தது, அவர் ஊருக்கே போய்விட்டார், ஜாகர் போனில் பேசிய பிறகு திரும்பி வந்து இரண்டாம் நாளும் நின்றார். இரண்டாம் நாளும் எறிந்தார்கள். இதை உங்கள் டிரம்மரிடம் சொல், அவனுக்கு இன்னொரு கதை ஆகும்.

நீ பேஸ் வாசிக்கிறவன். ஹைதராபாத்தில் உங்கள் முறை முடிந்ததும் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, மேடைக்குப் பக்கவாட்டில் போய் நில். அவருடைய பேஸ் கிதார்காரரைப் பார். அந்த வயசுக் குரலுக்கு எங்கே இடம் விட்டு வாசிக்கிறார், எங்கே நிரப்புகிறார் என்று பார். கிதார்களைப் பழைய ரெகார்டில் இருக்கிற சுருதியில் வைத்திருக்கிறார்களா, இறக்கியிருக்கிறார்களா என்று காதை வைத்துப் பார். எந்தப் பாட்டில் கிதார் சோலோ நீளுகிறது, அப்போது அவர் எங்கே போகிறார், தண்ணீர் குடிக்கிறாரா, உட்காருகிறாரா? எந்த வரியைக் கூட்டத்திடம் விடுகிறார்? அந்த வரி உயரமான வரியாகத்தான் இருக்கும், எனக்கு நிச்சயம்.

இன்னொன்று. உன் அப்பாவை ஒரு வரியில் முடித்துவிட்டாய். 'ராக் எல்லாம் தெரியாது.' இது எனக்குப் பிடிக்கவில்லை. தனக்காக ஒருவனும் வராத தெருவில் முப்பது வருஷம் ஊதினவர் அவர். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாப்பிள்ளையைப் பார்க்கிறது, சாவு வீட்டில் ராத்திரி முழுக்க கானா பாடுகிறவனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கூட்டமும் அவனுக்காக வந்ததில்லை, செத்தவருக்காக வந்தது. நம்ம பக்கத்தில் பாடினவர்களும் வாசித்தவர்களும் அதில்தான் பிழைத்தார்கள், அதில்தான் தேர்ந்தார்கள். உன் அப்பா படுத்துக்கொண்டது அலட்சியத்தால் இல்லை தம்பி. நீ கேட்டதற்கு அவர் பதில் சொல்லி முடித்துவிட்டார், நீதான் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். இப்போது புனேவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போ, ஸ்லீப்பரில் ஒரு டிக்கெட்தானே. பக்கவாட்டில் உனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள். டிரம்பெட் ஊதுகிறவருக்கு அடுத்தவன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்பது பார்த்ததும் தெரியும். அவர் எந்த இடத்திலெல்லாம் உன் தோளைத் தட்டினார் என்று பாட்டு வரிசையோடு எழுதி எனக்கு அனுப்பு.