கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வெளிநாடு போனதில் உங்கள் மனதில் நின்றது எது?

லண்டன் ஹைடு பார்க்கில் கேட்ட ஓர் அரசியல் பேச்சு. பிக் பென், டவர் பிரிட்ஜ், மியூசியம் எல்லாம் பார்த்தோம், நன்றாகவே இருந்தன. ஆனால் கல்லூரி திறந்த பிறகும் நண்பர்களிடம் நான் பேசிக்கொண்டிருப்பது அந்தப் பேச்சைப் பற்றித்தான்.

சித்தப்பா லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் எல்லோரையும் சுரங்க ரயிலில் மார்பிள் ஆர்ச்சுக்குக் கூட்டிப்போனார். அதை ஒட்டியிருக்கும் பூங்காவின் வடகிழக்கு மூலைக்கு ஸ்பீக்கர்ஸ் கார்னர் என்று பெயர். மேடை, பந்தல், நாற்காலி ஒன்றும் கிடையாது. பேச நினைப்பவர் சின்ன ஏணியோ பெட்டியோ கொண்டுவந்து அதன் மேல் ஏறி நின்று பேசலாம். முன்பதிவு வேண்டாம், மைக் கூடாது. சட்டத்தை மீறினால் போலீஸ் தலையிடும், அவ்வளவுதான். இந்த உரிமையும் சும்மா வந்துவிடவில்லை. 1866இல் வாக்குரிமை கேட்டுத் தொழிலாளர்கள் ஊர்வலமாக வந்தபோது அரசு பூங்காக் கதவைப் பூட்டியது. கூட்டம் இரும்பு வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே போனது. அங்கே கூட்டம் நடத்தச் சட்டம் வழிவிட்டது 1872இல்தான்.

அங்கே பேசுகிறவர்கள் எல்லாருமே நன்றாகப் பேசுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் போன அன்று பாதிப்பேர் மதச் சண்டையில் இருந்தார்கள். வீடியோவுக்காகவே கத்துகிறவர்களும் உண்டு. நாங்கள் நின்று கேட்டது ஒரு பெரியவரை. வீட்டு வாடகைக்கு அரசு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். எதிரே முப்பது பேர் இருந்தால் அதிகம். ஆனால் யாரும் சும்மா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கே கேள்வி விழுந்தது. அவரும் கோபப்படாமல் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார்.

அப்பா சென்னையில் எந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அன்று கையைத் தூக்கினார். "உச்சவரம்பு வைத்தால் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடுவதையே நிறுத்திவிட மாட்டார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெரியவர் ஏணியிலிருந்து குனிந்து, "உங்கள் ஊரில் அட்வான்ஸ் எவ்வளவு?" என்றார். மாம்பலத்தில் நாங்கள் குடிவந்தபோது பத்து மாத வாடகை கொடுத்ததை அப்பா சொன்னதும் கூட்டமே திரும்பிப் பார்த்தது. இங்கிலாந்தில் 2019 சட்டப்படி பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாதாம். "அந்தச் சட்டம் வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள், அதற்காக யாரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவில்லை" என்றார் பெரியவர். உடனே பக்கத்திலிருந்த ஒரு பெண், தானும் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதாகவும், கடன் வட்டி ஏறினால் அந்தச் சுமையை யார் தாங்குவது என்றும் கேட்டார். பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை" என்றார். கூட்டத்தின் முன்னால் ஓர் அரசியல் பேச்சாளர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

நான் படிப்பது மாநிலக் கல்லூரியில், அரசியல் அறிவியல். வாசலைத் தாண்டினால் மெரினா. 1907இல் வங்காளத்து விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பாலரை அழைத்துவந்து பாரதியும் நண்பர்களும் கூட்டம் நடத்தியது இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான். விசாரணை இல்லாமலே சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து 1919இல் காந்தி கலந்துகொண்ட கூட்டம் நடந்ததும் இங்கேதான். பாலர் பேசியபோது ஒலிபெருக்கியே கிடையாது, அந்தக் குரலுக்குத்தான் அத்தனை பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு அங்கே கூடுவதற்கு அனுமதி கிடைப்பதில்லை. நகரத்தில் வேறு எங்கே கூட்டம் போட்டாலும் சென்னை நகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நெரிசலும் போக்குவரத்தும் உண்மையான பிரச்சினைகள், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் லட்சம் பேர் கூட வேண்டும் என்று யார் கேட்டார்கள்? ஞாயிறு மாலை மூன்று மணி நேரம், மைக் இல்லாமல், கட்சிக் கொடி இல்லாமல், மணலில் ஒரு மூலையை ஒதுக்கினால் போதும். வார்டு கவுன்சிலர் வந்து பெட்டி மேல் ஏறிப் பேசட்டும். குடிநீர் பற்றி, மழைநீர் வடிகால் பற்றி, வாடகை பற்றி எதிரே நிற்பவர் குறுக்கே கேட்கட்டும். மாநகராட்சிக்கு இப்படி ஒரு மனு எழுத வகுப்பில் சிலர் சேர்ந்திருக்கிறோம். அப்பாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.