கலிஃபோர்னியாவில் நீதிபதியாக ஓட்டுக் கேட்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்கிறாள். அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாவதுதான் அவள் கனவு. அங்கே நீதிபதிகளும் தேர்தலில் நிற்பார்களாமே? கட்சியும் பணமும் இல்லாமல் நடக்குமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் பயம் டெக்சாஸுக்குப் பொருந்தும். அங்கே கட்சி வேட்பாளராக நின்று, 6 ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளையும் ஆளுநரே நியமிக்கிறார். (அங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வர் போல.)

முதல் தகுதி, தொடர்ந்து 10 ஆண்டு அந்த மாநிலத்தில் வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ இருந்திருக்க வேண்டும். இப்போதைய தலைமை நீதிபதி பட்ரீசியா கெரெரோ அரசு வழக்கறிஞராகவும் தனியார் சட்ட நிறுவனத்திலும் இருந்து, விசாரணை நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறி 2022-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவர். குட்வின் லியூ பேராசிரியராக இருந்து 2011-ல் நேராக வந்தார். ஆக, வழி ஒன்றல்ல.

ஆளுநர் பரிசீலிக்கும் பெயர் வழக்கறிஞர் மன்றத்தின் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். அந்தக் குழு ஏராளமான வழக்கறிஞர்களிடமும் நீதிபதிகளிடமும் ரகசியமாகக் கருத்துக் கேட்கும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞரை அவமதித்துப் பேசியது, வாய்தா விஷயத்தில் கொடுத்த வாக்கை மீறியது எல்லாம் அப்போது வந்து நிற்கும். உங்கள் மகள் ஒவ்வொரு வழக்குக்கும் எண், நீதிபதி பெயர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பெயர், தன் பங்கு என்ன என்பதை இப்போதே குறித்து வைக்கட்டும். நீதிபதிப் பதவிக்கான விண்ணப்பம் இதையெல்லாம் கேட்கும். 15 ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது.

நியமித்த பிறகு, தலைமை நீதிபதி உள்ளிட்ட மூவர் குழு பொது விசாரணை நடத்தி உறுதி செய்ய வேண்டும். ஓட்டு அதற்குப் பிறகுதான். எதிர் வேட்பாளர் கிடையாது, 'இவர் தொடரலாமா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை மட்டுமே. முழுப் பதவிக்காலம் 12 ஆண்டு. இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 1986-ல் மரண தண்டனை வழக்குகளை முன்வைத்து நடந்த பிரசாரத்தில் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டும் இன்னும் இருவரும் பதவி இழந்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. தீர்ப்புக்கு ஒதுக்கிய வழக்கை 90 நாளுக்குள் முடிக்காத நீதிபதி, அதை முடிக்கும்வரை சம்பளம் வாங்க முடியாது. அதனால் நீதிமன்றத்தில் நேரில் நடக்கும் வாய்மொழி வாதத்துக்கு முன்பே தீர்ப்பின் வரைவு நீதிபதிகளிடையே சுற்றுக்கு வந்துவிடும். எழுத்து வாதமே அங்கே பெரும்பாலும் வழக்கை நகர்த்துகிறது. எனவே, மேல்முறையீட்டு வாதுரைகளை எழுதும் வேலை எங்கே கிடைத்தாலும் அவள் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.