பழைய ஆலிஸ் பை: வாங்கலாமா, தைத்துப் பயன்படுத்தலாமா?

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே ராணுவம் கழித்துவிட்ட சாமான்களை விற்கும் ஓர் ஆர்மி சர்ப்ளஸ் கடையில் அமெரிக்க ராணுவத்தின் பழைய ஆலிஸ் முதுகுப்பை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், நடுத்தர அளவு, அலுமினியச் சட்டத்தோடு. ஒரு பக்கத் தோள்வார் தையல் விட்டிருக்கிறது. உள்ளே கையை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த வாடை வேறு. கூடவே ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குடுவையும் திசைகாட்டியும் சேர்த்துத் தருகிறாராம். கோடையில் அல்கொன்குவின் பூங்காவுக்கு எடுத்துப்போக ஆசை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அவர் சொல்கிற விலைக்கு வேண்டாம். தையல் விட்டது பெரிய விஷயமே இல்லை, பேரம் பேச வேண்டியது அந்தப் பிசுபிசுப்பை வைத்துத்தான்.

முதலில் அது உண்மையிலேயே ராணுவத்துக்குச் செய்ததா என்று பாருங்கள். மேல் மூடியின் உட்புறத்திலோ முதுகுப் பக்கத்திலோ துணி லேபிள் இருக்கும், அதில் 8465 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணைத் தேடுங்கள். ஐந்தாவது, ஆறாவது இலக்கங்கள் நாட்டைச் சொல்லும்: 00, 01 என்றால் அமெரிக்கா, 21 கனடா, 99 பிரிட்டன். அதே லேபிளில் உள்ள ராணுவக் கொள்முதல் ஒப்பந்த எண் டிஎல்ஏ100-85 (DLA100-85) என்று தொடங்கினால் 1985-ஆம் ஆண்டு ஒப்பந்தம். 'மிலிட்டரி ஸ்டைல்' என்று புதிதாகச் செய்து விற்கும் பைகளில் பெரும்பாலும் இந்த எண்கள் இருக்காது, துணியும் மெலிசாக இருக்கும், அவற்றைத் தைத்துக் காப்பாற்றுவதில் பிரயோசனமில்லை.

ஆலிஸ் 1973-ல் ஏற்கப்பட்ட வடிவம், நைலான் துணி. நைலான் லேசில் போகாது. ஆனால் நீர் புகாமலிருக்க உள்ளே பூசிய பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தில் வருஷக்கணக்காக மெல்ல மெல்லச் சிதைந்துவிடும், நீங்கள் தொட்டுப் பார்த்ததும் மோந்து பார்த்ததும் அதைத்தான். அந்தப் பூச்சுக்கு உயிர் கொடுக்க வழியில்லை, உரித்தெடுக்கத்தான் முடியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கொஞ்சம் சோப்பும் கலந்து ஊறவைத்து, பழைய பிரஷால் தேய்த்தால் பசை சுருண்டு சுருண்டு வரும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு எரியாத இடத்தில் செய்யுங்கள். பிறகு நிழலில் காயப் போடுங்கள், வெயிலில் வேண்டாம், நைலானின் பலத்தை முதலில் தின்பது வெயில்தான். பூச்சு போன பைக்கு மறுபடி எதையும் பூசிக்கொண்டிருக்காமல் உள்ளே தடிமனான பிளாஸ்டிக் பை ஒன்றை வைத்து அதற்குள் சாமான்களைப் போடுங்கள். படகில் போகிறவர்களுக்கு இதுதான் நம்பகமான வழி.

அப்புறம் தோள்வார். பருத்தி நூலால் தைக்கவே கூடாது, ஈரம் பட்டால் அது அழுகிவிடும், நைலான் அப்படியே இருக்கும். கெட்டியான பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல் வாங்குங்கள், பழைய நூலைப் பிரித்து எடுத்துவிட்டு, முடிந்தவரை பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு, சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடுங்கள். பலமாக இருக்கட்டும் என்று நெருக்கி நெருக்கித் தைக்காதீர்கள், துளைகள் வரிசையாக விழுந்து அந்த இடத்திலேயே வார் கிழியும். வெட்டிய நுனியை லைட்டரில் லேசாகக் காட்டினால் பிரியாது. வாரின் உள்ளே பஞ்சு தூளாகிவிட்டதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். தூளாகியிருந்தால் வேறு வார் மாட்டிக்கொள்வது நல்லது, ஆலிஸுக்குப் பிறகு அமெரிக்க ராணுவத்தில் வந்த மோலி பைகளின் வார்களையும் இடுப்புப் பட்டையையும் இந்தச் சட்டத்தில் மாட்டிப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர்.

சட்டத்தைக் கடையிலேயே வெளிச்சத்தில் வைத்து, ரிவெட் அடித்த இடங்களையும் குழாய் வளையும் இடங்களையும் நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். பற்றவைத்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார், பற்றவைத்த இடத்தை ஒட்டி அலுமினியம் மிருதுவாகி மறுபடி உடையும். நடுத்தரப் பையைச் சட்டமில்லாமலும் சுமக்கலாம் என்பதால் பையை மட்டும் கேட்டு விலையைக் குறைக்கலாம். பெரிய அளவுப் பை என்றால் சட்டம் கட்டாயம்.

குடுவையை மோந்து பாருங்கள். பிளாஸ்டிக் வாடை மட்டும் என்றால் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஓரிரவு ஊற்றி வைத்தால் போகும். பெட்ரோல், மருந்து வாடை வந்தால் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள், விலை குறைவு என்பதற்காக உடம்பைப் பணயம் வைக்க வேண்டாம். குடுவை உறையின் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பை இருக்கும், தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரைக்காக வைத்தது. உள்ளே பழைய மாத்திரை புட்டி இருந்தால் நம்பாதீர்கள். திசைகாட்டியில் ஒளிர்வது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் என்றால் 12.3 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும், 1985-ல் செய்ததில் இன்று பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். இரவில் தெரியாது, பகலில் முள் சரியாக நின்றால் போதும். அதைத் திறந்து நோண்ட மட்டும் வேண்டாம்.

கேள்வி: அதே கடையில் கேமோ ஜாக்கெட் (ராணுவ மறைப்பு அச்சுள்ளது) வாங்கினேன். கரீபியன் கப்பல் சுற்றுலாவுக்கு எடுத்துப்போகலாமா?

பதில்: வேண்டாம். ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட் போன்ற நாடுகளில் பொதுமக்கள் கேமோ அணிவதற்குத் தடை உண்டு. பார்படாஸில் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான், ஆகவே பிள்ளைகளின் தொப்பி, டி-சர்ட்டையும் பார்த்து எடுத்து வையுங்கள். அச்சில்லாத வெறும் பச்சை உடுப்பு என்றால் கவலையில்லை.