எட்டு அங்குல ஊஃபரும் ஐம்பது லிட்டர் பெட்டியும்

கேள்வி: வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்பதற்காக ஓர் எட்டு அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வாங்கி, பெட்டியை நானே செய்துகொள்ள விரும்புகிறேன். சென்னை ரிச்சி தெருவில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் அட்டையில் ‘400 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. வேறு விவரம் இல்லை. மற்றொன்று 60 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் வாட்), விலை இரு மடங்கு. ஆனால் கூடவே ஒரு தாள் தருகிறார்கள். அதில் 4 ஓம், எஃப்எஸ் 35 ஹெர்ட்ஸ், க்யூஇஎஸ் 0.41, க்யூடிஎஸ் 0.38, விஏஎஸ் 50 லிட்டர், உணர்திறன் 2.83 வோல்ட்டுக்கு 88 டெசிபல் என்று இருக்கிறது. விஏஎஸ் 50 என்பதால் 50 லிட்டரில் பெட்டி அடிக்கும்படி கடைக்காரர் சொன்னார். எதை வாங்கலாம்?

பதில்: தாள் உள்ளதை வாங்குங்கள். பெட்டியை மட்டும் கடைக்காரர் சொன்ன அளவில் அடிக்க வேண்டாம்.

பி.எம்.பி.ஓ., அதாவது ஒரு கணத்தின் உச்ச வாட், என்பதற்கு எல்லோரும் ஏற்ற அளவுமுறை எதுவும் கிடையாது. அச்சிடுபவரின் தாராள மனதே அதற்கு எல்லை. அந்த 400 உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், 60 வாட்டைவிட அது தரக்கூடிய கூடுதல் ஒலி சுமார் 8 டெசிபல்தான். ஏனென்றால் வாட் இரு மடங்காகும்போது 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. மேலும், வாட் என்பது வாய்ஸ் காயில் (ஊஃபரின் கூம்பான கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லுமே தவிர, எந்தப் பெட்டியில் எப்படிப் பாடும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதைச் சொல்பவை எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் ஆகிய மூன்றும்தாம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட கட்டுரையும், அதைத் தொடர்ந்து ரிச்சர்டு ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் எழுதியவையும் இந்த எண்களுக்கு அடிப்படை என்பதால், இவற்றைத் தீல்-ஸ்மால் அளவுகள் என்பார்கள்.

எஃப்எஸ் என்பது பெட்டிக்கு வெளியே, வெறும் காற்றில், கோன் இயல்பாக அதிரும் அலைவெண். க்யூடிஎஸ் என்பது அந்த அதிர்வைக் காந்தமும் கோனைத் தாங்கும் நெகிழ்வான சஸ்பென்ஷனும் சேர்ந்து எவ்வளவு கட்டுப்படுத்துகின்றன என்பதைக் காட்டும் எண். எண் சிறிதானால் பிடி இறுகியது என்று பொருள். கடைக்காரரைக் குழப்பியது விஏஎஸ். அது பெட்டியின் கொள்ளளவே அல்ல. கோனைத் தாங்கும் சஸ்பென்ஷன் எவ்வளவு நெகிழ்வாக இருக்கிறதோ அதே நெகிழ்வு எத்தனை லிட்டர் காற்றுக்கு இருக்கும் என்பதைத்தான் லிட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள். லிட்டர் என்று கண்டதும் பெட்டி என்று எண்ணுவது இயல்பான தவறுதான்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. பெட்டிக்குள் வைத்த பிறகு பிடியைக் காட்டும் எண், அதாவது க்யூ, 0.707 ஆக அமைந்தால், வீக்கமில்லாமல் ஒலி சமமாக இறங்கும். 0.707-ஐ 0.38-ஆல் வகுத்தால் 1.86, அதன் வர்க்கம் 3.46, அதில் ஒன்றைக் கழித்து, மீதியால் 50-ஐ வகுத்தால் ஏறக்குறைய 20 லிட்டர். அதில் ஒலி 65 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைந்திருக்கும். அதே ஊஃபரை 50 லிட்டரில் மூடி வைத்தால் க்யூ 0.54 ஆகி, 3 டெசிபல் குறையும் இடம் 70 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிய பெட்டி ஒன்றிரண்டு டெசிபல் முந்தும் என்பது உண்மை. அதற்காக இரண்டரை மடங்கு பெட்டியைக் கூடத்தில் நிறுத்த வேண்டுமா என்பதை வீட்டில் உள்ளவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

துளைக்குழாய் வைத்த பெட்டியில்தான் இந்த ஊஃபரின் அருமை தெரியும். எஃப்எஸ்-ஐ க்யூஇஎஸ்-ஆல் (காந்தத்தின் பிடியை மட்டும் காட்டும் எண்) வகுத்தால் 85 வருகிறது. 50-க்குக் கீழே வந்தால் மூடிய பெட்டி, 100-க்கு மேலே வந்தால் குழாய்ப் பெட்டி என்பது தொழிலில் உள்ள கைக்கணக்கு. உங்களுடையது இரண்டுக்கும் ஒத்துப்போகும். தீல் வகுத்த அமைப்புகளில் ஒன்று க்யூடிஎஸ் 0.38-க்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது: விஏஎஸ்-ஐ 1.41-ஆல் வகுத்து 35 லிட்டர். குழாயை எஃப்எஸ்-க்கே, அதாவது 35 ஹெர்ட்ஸுக்கே, இசைப்பது. 7.5 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய் என்றால் நீளம் சுமார் 25 செ.மீ. வரும். ஒலி ஏறத்தாழ 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆனால் அதற்குக் கீழே கோனுக்குப் பெட்டிக் காற்றின் பிடி இல்லாமல் போகும் என்பதால், சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பவராக இருந்தால் ஆம்பிளிஃபயரில் அந்தத் தாழ்ந்த பகுதியை வெட்டும் ஃபில்ட்டர் இருப்பது நல்லது.

உணர்திறனில், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு ஒலி வரும் என்ற எண்ணில், ஒரு சிறு தந்திரம் ஒளிந்திருக்கிறது. 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் ஒரு வாட். 4 ஓமில் அது இரண்டு வாட். ஆகவே உங்கள் 88, ஒரு வாட்டுக்கு 85-தான். 8 ஓம் ஊஃபர் ஒன்றில் 87 என்று எழுதியிருந்தால், ஒரே வாட்டில் அதுவே உரக்கப் பாடும்.

400 வாட்காரரிடம் க்யூடிஎஸ் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அந்த எண் 0.7 என்று வந்தால், மூடிய பெட்டியில் 0.707-ஐ எட்டுவதற்கு அலமாரி அல்ல, ஓர் அறையே வேண்டியிருக்கும். அத்தகையவை காரின் பின்பலகை போன்ற இடங்களுக்கே பொருந்தும். எண்ணே தெரியாது என்று சொன்னால், பெட்டி செய்பவர் இருட்டில்தான் அளவெடுக்க வேண்டும்.

இனி தச்சரிடம் போகும் கட்டம். மூடிய பெட்டியே போதும் என்று முடிவு செய்தால், 20 லிட்டருடன் ஊஃபரின் பின்புறமும் உள்தாங்கு சட்டங்களும் அடைக்கும் இடத்துக்காக இரண்டு லிட்டர் சேர்த்து, உள்ளளவு 25 × 25 × 36 செ.மீ. என்று எழுதிக் கொடுங்கள். ‘உள்ளளவு’ என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். என் முதல் பெட்டிக்கு நான் அதை எழுத மறந்தேன். தச்சர் முறைப்படி வெளியளவாகவே எடுத்துக்கொண்டார். 18 மி.மீ. பிளைவுட்டில் உங்களுக்கும் அப்படி நேர்ந்தால், உள்ளே 22.5 லிட்டருக்குப் பதிலாக 15 லிட்டருக்கும் குறைவாகவே கிடைக்கும், க்யூ 0.84 ஆகிப் பேஸ் சற்றே திரண்டு நிற்கும். நான் பாலியஸ்டர் பஞ்சு அடைத்து ஓரளவு சரிக்கட்டினேன். பெட்டி இன்றும் பாடுகிறது, ஆனால் மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கொஞ்சம் தடித்துக் கேட்கும்.