பூசணிப் பிஞ்சு நிற்காமல் உதிர்வது குறித்து

பூசணிக்கொடியில் பூக்கள் நிறைய வந்தும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்வதாகவும், தேனீக்களே வருவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக உள்ள இக்கொடியில், விடியற்காலை விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும் பெண் பூவுக்கு அந்தச் சில மணி நேரத்திற்குள் மகரந்தம் வந்து சேராவிட்டால் பிஞ்சு நிற்காது. இப்போதைக்கு, காலையில் ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் பகுதி) தடவுங்கள். தேனீக்களை வரவழைக்கும் நிலையான தீர்வுக்குச் சூரியகாந்தி, காஸ்மோஸ், துளசி ஆகியவற்றைச் சிதறலாக நடாமல் கொத்துக்கொத்தாக நட்டு, துளசிக் கதிர்களைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். (அடுக்கு இதழ்ப் பூக்கள் கண்ணுக்கு அழகுதான், தேனீக்கு அவற்றில் கிடைப்பது குறைவு.) தேனீக்கள் வராததற்கு, நீங்கள் குறிப்பிட்டபடி காலையில் பூச்சிக்கொல்லி தெளிப்பதே காரணமோ என்பதே எனக்கு முதல் ஐயம்; தவிர்க்கவே முடியாதெனில், பூக்கள் மூடிய பிறகு மாலையில் தெளியுங்கள்.