கொழுப்பைக் குறைத்தது மூலிகையா?

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு மாதங்களுக்கு முன் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 168, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 220. டாக்டர் எழுதிய ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரையைப் பக்கவிளைவுக்குப் பயந்து வாங்கவில்லை. ஒரு தாவரச் சாறு கேப்ஸ்யூல் சாப்பிட்டு வருகிறேன். இப்போது எல்டிஎல் 126, ட்ரைகிளிசரைடு 214. இதையே தொடரலாமா? ஒரு மாதமாக மாடிப்படி ஏறும்போது இரண்டு தொடையும் வலிக்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள். லேபிளின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் தொடை வலிக்கு வருகிறேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'கலவை 600 மி.கி.' என்று போட்டு, கீழே பூண்டு, குக்குல் (ஒரு மரப்பிசின்), சிவப்பு ஈஸ்ட் அரிசி என மூன்று பெயர்கள். எது எவ்வளவு என்று இல்லை. பூண்டை 2007-இல் 192 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சையாகத் தின்றவர்களுக்கும் சரி, மாத்திரையாக எடுத்தவர்களுக்கும் சரி, எல்டிஎல் அசையவில்லை. குக்குலை 2003-இல் 103 பேரிடம் சோதித்தபோது எல்டிஎல் குறைவதற்குப் பதிலாகச் சற்றே ஏறியது. மிச்சம் இருப்பது சிவப்பு ஈஸ்ட் அரிசி.

அது மூலிகையே அல்ல, அரிசியின் மேல் வளர்க்கப்படும் ஒரு பூஞ்சை. அதில் உண்டாகும் மொனகோலின் கே என்ற பொருளும், 1987 முதல் மருந்தாக விற்கப்படும் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் வேதியியல்படி ஒன்றே. எதற்குப் பயந்து மாத்திரையைத் தவிர்த்தீர்களோ, அதையே பெரும்பாலும் இத்தனை நாள் அளவு தெரியாமல் விழுங்கியிருக்கிறீர்கள். தசை வலி ஸ்டாட்டினின் பக்கவிளைவுதான்; உங்கள் தொடை வலியும் அதனால் வந்திருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை; அந்த லேபிளைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. எனக்குக் கவலை தருவதும் அதுதான். நாளைக்கு ஒரு தொண்டைப் புண்ணுக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதும் டாக்டருக்கு, நீங்கள் ஸ்டாட்டின் எடுப்பது தெரியாது. இரண்டும் சேர்ந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். சரியாகத் தயாரிக்காத சிவப்பு ஈஸ்ட் அரிசியில் சிட்ரினின் என்ற பூஞ்சை நச்சும் இருக்கலாம். அதுவும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

ஆகவே கேப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள். இந்த வாரத்துக்குள் சிகே (தசைச் சிதைவைக் காட்டுவது), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் பரிசோதனைகளைச் செய்யுங்கள். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ, தசை பலவீனமானாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் பார்ப்பதும் அவசியம். தைராய்டு சுரப்பு குறைந்தால் கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும், ஸ்டாட்டினால் வரும் தசைக் கோளாறுக்கும் வாய்ப்பு கூடும்.

ட்ரைகிளிசரைடு ஏன் இறங்கவில்லை என்றால், அது வேறு கணக்கு. சர்க்கரை, மாவுச்சத்து, மது, வயிற்றுச் சதை, கட்டுப்படாத நீரிழிவு ஆகியவைதான் அதை ஏற்றிப் பிடித்திருப்பவை. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பாருங்கள். 214 இப்போதைக்கு அவசரம் இல்லை. 500-ஐத் தாண்டினால்தான் கணையத்துக்கு ஆபத்து.

தாவரத்தில் ஒன்றுமே பயனில்லையா என்றால், உண்டு. கொலஸ்ட்ராலைப் போன்ற தாவரப் பொருளான தாவர ஸ்டெரால் தினம் 2 கிராம் எடுத்தால், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். இசப்கோல் உமி 10 கிராம், பித்த அமிலத்தை மலத்தோடு வெளியேற்றும். இரண்டில் எதுவும் எல்டிஎல்லை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம். உங்கள் 168 சுமார் 155 ஆகும், அவ்வளவே. இசப்கோலை நிறையத் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். கிரீன் டீ சாறு கேப்ஸ்யூல் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதிக அளவில் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது.

வலி தீர்ந்தபின் உங்கள் டாக்டரிடம் திரும்பப் போங்கள். ஒரு ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் எல்லாமே ஒத்துக்கொள்ளாது என்றில்லை. குறைந்த அளவில் வேறொன்று தரலாம், ஸ்டாட்டின் அல்லாத எஸெடிமைப் என்ற மருந்து தரலாம். போகும்போது அந்த கேப்ஸ்யூல் டப்பாவையும் எடுத்துப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.